வயிற்று டயாலிசிஸ் ட்வின் பேக்: படிப்பும் வேலையும் நிற்காமல் இருக்க எவ்வளவு உதவும்?

இருபது, இருபத்தைந்து வயதில் சிறுநீரகம் செயலிழந்தால் நம் ஊர்களில் முதலில் கைகாட்டுவது சென்டருக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் டயாலிசிஸ் மெஷினைத்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போக வர அலைச்சல் தனி. வீட்டுக்கு வந்த பிறகு அன்றைய மிச்சப் பொழுதும் படுக்கையிலேயே போய்விடுகிறது என்பவர்கள் நிறைய. கல்லூரியில் 75 சதவீத வருகைப்பதிவு கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த வேலையில் புரொபேஷன் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்தில் பாதியை விழுங்கும் சிகிச்சையோடு இவற்றை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாடு.

வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸுக்கு (சிஏபிடி) இந்த வயதில் முதல் வாய்ப்பு தரவேண்டும் என்பது எங்கள் கருத்து. ஹாங்காங்கில் 1985 முதலே அரசு மருத்துவமனைகளில் இதைத்தான் முதலில் தருகிறார்கள். இங்கே அந்தப் பேச்சே எழாமல் மெஷினில் ஏற்றிவிடுவது நடக்கிறது. அதே நேரம், இதை 'ஈஸியான டயாலிசிஸ்' என்று சொல்லி விற்பதையும் ஏற்க முடியாது. ட்வின் பேக் நல்ல பொருள்தான், ஆனால் அதை நல்லதாக வைத்திருப்பது பயன்படுத்துகிறவரின் கையும் கற்றுக்கொடுக்கிற நர்ஸும்.

பொருள் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். ஒரே கவரில் இரண்டு பைகள் வரும். ஒன்றில் இரண்டு லிட்டர் திரவம், மற்றொன்று காலி. இரண்டையும் 'Y' வடிவக் குழாய் இணைத்திருக்கும். தொப்புளுக்குப் பக்கவாட்டில் சிறிய அறுவை சிகிச்சை செய்து சிலிகான் டியூப் (டெங்காஃப் கதீட்டர்) ஒன்றை வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள். அதன் வெளிமுனையில் டைட்டானியம் அடாப்டர், அடாப்டரில் டிரான்ஸ்பர் செட் என்கிற குட்டைக் குழாய், அதன் நுனியில் அயோடின் நனைத்த பஞ்சு வைத்த மினி கேப். பையின் குழாய் வந்து சேர்வது டிரான்ஸ்பர் செட்டில்.

வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் இங்கே வடிகட்டி. உள்ளே விட்ட திரவம் நாலு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் ரத்தத்திலிருந்து அதற்குள் இறங்கும். திரவத்தில் இருக்கும் சர்க்கரை (டெக்ஸ்ட்ரோஸ்) உடம்பில் கூடுதலாக நிற்கும் நீரை இழுக்கும். பிறகு வடித்துவிட்டுப் புதியதை விட வேண்டும். பகலில் மூன்று மாற்று, படுக்கப் போகும் முன் ஒன்று, ஆக நாளுக்கு நான்கு என்பது வழக்கமான கணக்கு. சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று மாற்றோடு தொடங்கிப் பிறகு கூட்டுவதும் உண்டு. மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு பை குறைந்தால் பகல் வேளை முழுசாக உங்கள் கையில் இருக்கும்.

1976இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பாப்போவிச்சும் மோன்கிரீஃப்பும் இந்த முறையை முன்வைத்தபோது திரவம் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது. அடிக்கடி வயிற்றில் தொற்று வந்து பலர் கைவிட்டார்கள். கனடாவின் டொரொண்டோவில் மருத்துவர் ஒரியோபவுலோஸ் பிளாஸ்டிக் பைக்கு மாற்றினார். 1980களில் இத்தாலியில் 'Y' குழாய் வந்தது. புதிய திரவம் வயிற்றுக்குப் போகும் முன் கொஞ்சத்தை வடிகால் பைக்குள் ஓடவிட்டு, இணைப்பில் ஒட்டிய கிருமியை அடித்துக்கொண்டு போகச் செய்வதுதான் அதன் சூட்சுமம். தொற்று கணிசமாகக் குறைந்தது. இன்றைய ட்வின் பேக்கின் உயிர்நாடி இந்த ஒரு படிதான். பழகிப் போனவர்கள் அவசரத்தில் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான்.

ஒரு மாற்று எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறோம். ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னல் கதவைச் சாத்துங்கள். நாய், பூனை அறைக்குள் இருக்கக் கூடாது. மேசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தேவையானதை எல்லாம் முதலிலேயே எடுத்து வையுங்கள்: பை, புதிய மினி கேப், இரண்டு கிளாம்ப், மாஸ்க், சானிடைசர். மாஸ்க் போட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்மேல் சானிடைசர். ஈரக் கை கூடாது, ஈரத்தில்தான் கிருமி சவாரி செய்யும்.

வெளிக் கவரைக் கிழித்து நான்கு விஷயம் பாருங்கள். காலாவதித் தேதி, சர்க்கரை அளவு, திரவம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிறதா, அழுத்திப் பார்த்தால் எங்காவது கசிகிறதா. கவருக்குள் நீர்த்திவலை போலக் கொஞ்சம் ஈரம் இருக்கலாம், அது ஆவி படிந்தது. சொட்டுச் சொட்டாகத் தேங்கியிருந்தால் அந்தப் பை வேண்டாம்.

டிரான்ஸ்பர் செட்டின் திருகு மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகு பையின் குழாய் நுனியிலிருக்கும் வளையத்தை இழுங்கள், மினி கேப்பைக் கழற்றுங்கள், இரண்டு நுனியையும் சேர்த்துத் திருகுங்கள். இந்த இரண்டு மூன்று விநாடிதான் மொத்தச் சிகிச்சையிலும் ஆபத்தான நேரம். பேச்சு கூடாது, போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

நிறைந்த பையைத் தோளுக்கு மேல் கொக்கியில் மாட்டுங்கள், காலிப் பையைத் தரையில் சுத்தமான தட்டில் வையுங்கள். திருகைத் திறந்தால் வயிற்றில் இருந்தது இறங்கும், பதினைந்து இருபது நிமிடம் ஆகும். வடிந்ததும் திருகை மூடுங்கள். மேல் பையின் குழாய்க்குள் இருக்கும் சின்னத் தடுப்பை முன்னும் பின்னும் வளைத்து முறியுங்கள். இப்போது புதிய திரவம் மேலிருந்து நேராகக் கீழ்ப் பைக்குப் பாயும். ஒன்று முதல் ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள். குழாயில் இருந்த காற்றும் அதோடு வெளியேறிவிடும். கீழ்க் குழாய்க்குக் கிளாம்ப் போட்டு, திருகைத் திறந்தால் பத்து நிமிடத்தில் வயிறு நிறையும். திருகை மூடி, புதிய மினி கேப் கவரைப் பிரித்து, உள்ளே பஞ்சு பழுப்பு நிறத்தில் ஈரமாக இருக்கிறதா பார்த்துப் போடுங்கள். பழைய கேப்பை மறுபடி போடவே கூடாது.

மாற்று முடிந்து தோள்பட்டையில் வலி வந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, அந்த ஐந்து எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

இணைக்கும்போது குழாயின் நுனி, விரலிலோ சட்டையிலோ பட்டுவிட்டால் என்ன செய்வது? 'லேசாகத்தானே பட்டது' என்று சானிடைசரால் துடைத்துத் தொடர்வதுதான் பலர் செய்வது. அது வேண்டாம். பையின் நுனி பட்டிருந்தால் அந்தப் பையைத் தள்ளிவிட்டு வேறு எடுங்கள். டிரான்ஸ்பர் செட்டின் நுனி பட்டிருந்து, திருகு மூடியே இருந்தால், புதிய மினி கேப் போட்டுவிட்டு சென்டருக்குப் போங்கள், டிரான்ஸ்பர் செட்டை மாற்றித் தருவார்கள். தெரியாமல் திரவமும் உள்ளே போய்விட்டிருந்தால் செட் மாற்றுவதோடு ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும், அன்றைக்கே போன் செய்யுங்கள். டியூபில் ஓட்டை விழுந்தால் ஓட்டைக்கும் உடம்புக்கும் இடையில் கிளாம்ப் போட வேண்டும். ஒரு கிளாம்ப் எப்போதும் பர்ஸிலோ பைக்கட்டிலோ இருக்கட்டும். எதுவும் நடக்காவிட்டாலும் டிரான்ஸ்பர் செட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் மாற்ற வேண்டும்.

திரவம் மூன்று அடர்த்தியில் வருகிறது: 1.5, 2.5, 4.25 சதவீதம். பேக்ஸ்டர் கம்பெனியின் பைகளில் (அதன் சிறுநீரகப் பிரிவு 2025 முதல் வான்டிவ் என்ற தனி நிறுவனம்) இழுக்கும் வளையம் முறையே மஞ்சள், பச்சை, சிவப்பு. அடர்த்தி கூடக்கூட நீரை அதிகம் இழுக்கும். எந்த நேரத்துக்கு எந்த நிறம் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்தச் சிகிச்சையில் உண்மையான படிப்பு. தினமும் காலையில் வடித்த பிறகு எடை, ரத்த அழுத்தம் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வெளியே வந்த பையையும் தொங்கு தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை ஏறி, கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுகிறது என்றால் பச்சை தேவைப்படலாம். எழுந்தால் தலை சுற்றுகிறது, அழுத்தம் குறைந்திருக்கிறது என்றால் நீர் அதிகமாகப் போகிறது, மஞ்சளுக்கு இறங்க வேண்டும். எந்த எல்லையில் மாற்றலாம் என்பதை மருத்துவர் எழுதித் தரட்டும்.

இளவயதுக்காரர்கள் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீரும் தாராளமாகக் குடித்துவிட்டு, ராத்திரி சிவப்புப் பை போட்டு இறக்கிக்கொள்வது. மறுநாள் எடை சரியாகிவிடும் என்பதால் பழக்கமாகிவிடும். இரண்டு லிட்டர் மஞ்சள் பையில் 30 கிராம் சர்க்கரை, பச்சையில் 50, சிவப்பில் 85. நாலைந்து மணி நேரத்தில் அதில் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். தொப்பை, ரத்தத்தில் ஏறும் டிரைகிளிசரைடு கொழுப்பு, மந்தமான பசி எல்லாம் அதன் விளைவு. அதைவிடப் பெரிய நஷ்டம், அடர்த்தியான சர்க்கரை அந்தச் சவ்வையே வருஷக்கணக்கில் தேய்க்கும். முப்பது வயதில் தேவைப்படும் வடிகட்டியை இருபத்திரண்டிலேயே செலவழிக்க வேண்டாம். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், தாகம் குறைந்தால் சிவப்புப் பை தேவைப்படாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் நான்கையும் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

இரவு நீண்ட நேரம் நிற்பதற்கு சர்க்கரைக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவமும் உண்டு, நாளுக்கு ஒரு பைதான். டைப் 1 சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர்கள் இதைப் பயன்படுத்தும்போது மிகுந்த கவனம் தேவை. சில வகை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் (ஜிடிஹெச்-பிக்யூக்யூ வகை) ஐகோடெக்ஸ்ட்ரின் உடைந்து ரத்தத்தில் சேரும் மால்டோஸையும் குளுக்கோஸாகக் காட்டும். உண்மையில் சர்க்கரை இறங்கியிருக்கும்போது மீட்டர் ஏறியதாகக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரிப் எந்த வகை என்று மருந்துக்கடையில் கேட்காதீர்கள், டப்பாவுக்குள் இருக்கும் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரவத்தைச் சூடு பண்ணுவது பற்றி. உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்தால் நடுக்கமும் வயிற்று வலியும் வரும். அண்டாவில் வெந்நீர் வைத்துப் பையை முக்குவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அந்த ஈரம் இணைப்பு வரை வந்து தொற்றைக் கொண்டுவரும். மைக்ரோவேவில் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிரும், உள்ளே போனால் சவ்வு வெந்துவிடும். வெளிக்கவரோடு ஹீட்டிங் பேடில் வைப்பதே சரி. சித்திரை, வைகாசியில் அறைச் சூடே கிட்டத்தட்டப் போதும். மார்கழியில்தான் மெனக்கெட வேண்டும்.

டியூப் வெளியே வரும் இடத்தை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேனாவால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உட்கார்ந்தும் நின்றும் பார்த்துக் குறிக்க வேண்டும். பெல்ட், பாவாடை நாடா, வேட்டிக் கட்டு எதுவும் அதன்மேல் அழுத்தக் கூடாது. அப்படி அழுத்தும் இடத்தில் வைத்துவிட்டால் தினமும் உரசிப் புண்ணாகும், பிறகு வருஷம் முழுக்க அதோடு போராட்டம்தான். வைத்த பிறகு முடிந்தவரை இரண்டு வாரம் ஆறவிட்டுத்தான் முழு அளவு திரவம் விடுவார்கள். அவசரப்பட்டால் ஓரத்தில் கசியும்.

ஆறிய பிறகு ஷவரிலோ வாளியிலோ குளிக்கலாம். குளித்ததும் அந்த இடத்தைத் துடைத்து, உலர்ந்ததும் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பை மெல்லியதாகத் தடவி, டியூபை இழுபடாமல் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். பவுடர், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். பொருக்கு தட்டினால் பிய்க்காதீர்கள். சிவப்பு, வலி, சீழ் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், அந்தத் தொற்று டியூபை ஒட்டியே உள்ளே போகும். கிணறு, குளம், ஆறு, குற்றால அருவி எல்லாம் டியூப் இருக்கும்வரை கிடையாது. இளைஞர்களுக்கு இது பெரிய இழப்புதான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இனி எல்லோரும் பயப்படும் விஷயம், பெரிட்டோனைட்டிஸ், அதாவது அந்த வயிற்றுச் சவ்வில் வரும் தொற்று. வடிந்த பையை வெள்ளைத் தாளில் அச்சடித்த எழுத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தால் வலி இல்லாவிட்டாலும் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையைக் கொட்டாமல் கிளாம்ப் போட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். இரண்டு மணி நேரமாவது வயிற்றில் நின்ற திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணு இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (கிருமியோடு மோதும் ஒரு வகை வெள்ளணு) என்றால் சந்தேகம் வலுக்கிறது. எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சருக்கு எடுத்த கையோடு மருந்தைத் திரவத்திலேயே கலந்து விடத் தொடங்குவார்கள். இரண்டு முதல் மூன்று வாரம் ஓடும். இரண்டாம் நாளே பை தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும், அப்போது டியூபையே எடுக்க நேரலாம். சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் தெளியவில்லை, அல்லது பூஞ்சைத் தொற்று என்றால், டியூபைக் காப்பாற்ற நினைக்காமல் எடுத்துவிடுவதுதான் முறை.

இளம்பெண்களுக்குத் தனியாக ஒன்று. மாதவிடாயை ஒட்டியோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ வடியும் திரவம் இளஞ்சிவப்பாக, சில சமயம் சிவப்பாகவே வரலாம். கர்ப்பப்பைக் குழாய் வழியாகவோ கருமுட்டை வெளிப்படும்போதோ கொஞ்சம் ரத்தம் வயிற்றறைக்குள் கசிவதால் இப்படி. பார்க்கத் திகிலாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஒன்றிரண்டு மாற்றில் தெளிந்துவிடும். வலி, காய்ச்சல் இருந்தாலோ, தெளியாமல் தொடர்ந்தாலோ தாமதிக்க வேண்டாம். ரத்தம் கட்டியாகி டியூபை அடைக்காமல் இருக்க, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் திரவத்தில் சேர்க்கவும் சொல்வார்கள். இதைப் பயிற்சியின்போதே எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லித்தரும் நர்ஸ் இருக்கும் சென்டர் நல்ல சென்டர்.

திரவம் சரியாக வடியவில்லை என்றால் டியூப் கெட்டுவிட்டது என்று நினைக்கும் முன், கடைசியாக மலம் போனது எப்போது என்று யோசியுங்கள். மலச்சிக்கலால் வீங்கிய குடல் டியூபை நெருக்கும், நுனியை இடம் மாற்றியும் விடும். லாக்டுலோஸ் சிரப்பிலேயே சரியாகும் கேஸ்கள் நிறைய. எழுந்து நடந்து, பக்கம் மாறிப் படுத்துப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது ஃபைப்ரின் என்ற புரத இழை, சென்டரில் சொல்லுங்கள். எதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்து நுனி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் மெஷின்காரர்களைவிட இங்கே சுதந்திரம் அதிகம். தினமும் ஓடுகிற டயாலிசிஸ் என்பதால் பொட்டாசியம் தேங்குவது குறைவு, பலருக்கு அது குறைந்தே போகும். மெஷின் நோயாளிக்குச் சொன்ன 'வாழைப்பழம் தொடாதே, இளநீர் தொடாதே' பட்டியலை அப்படியே இவர்களுக்கும் சொல்வது தவறு. ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு. புரதம்தான் பிரச்சினை. நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் புரதம் பையோடு வெளியே போகிறது. எடை 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம் வரை சாப்பிட வேண்டும். வயிறு எப்போதும் நிறைந்த மாதிரி இருப்பதால் அது எளிதில்லை. வடித்து முடித்த உடனே, புதியதை விடும் முன் சாப்பிடுவது உதவும். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி. சைவம் என்றால் பருப்பும் சோயாவும் பனீரும் வேளைதோறும் இருக்க வேண்டும், ரசம் சாதத்தில் இது நடக்காது.

சிறுநீர் கொஞ்சமாவது போகிறது என்றால் அதைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவதும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பஸ்பங்களும் மிச்சமிருப்பதையும் முடித்துவிடும்.

அலுவலகத்தில் மதிய மாற்றுக்குத் தேவை கதவு சாத்தும் ஒரு சின்ன அறை, பக்கத்தில் கை கழுவ இடம், சுவரில் ஒரு கொக்கி, நாற்பது நிமிடம். கழிப்பறையில் செய்யவே கூடாது. எச்ஆரிடம் நோயின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை, இந்த நான்கையும் மருத்துவர் கடிதத்தோடு கேட்டால் போதும். சிறுநீரகச் செயலிழப்பு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இல்லை. அதனால் சட்டத்தைக் காட்டி உரிமையாகக் கேட்க முடிவதில்லை, நிர்வாகத்தின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டியிருக்கிறது. இந்த வயது நோயாளிகளுக்கு இது பெரிய அநியாயம் என்பதே எங்கள் எண்ணம்.

நைட் ஷிப்டுக்கு நேரத்தைப் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். மாற்றை விட்டுவிடுவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. ஒரு மணி நேரம் முன்பின் ஆவதால் ஒன்றும் ஆகாது. தினம் ஒன்றைக் கத்தரித்தால் சில வாரத்தில் குமட்டல், அரிப்பு, தூக்கமின்மை எல்லாம் திரும்பும். 20 லிட்டர் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் தூக்குவது வேண்டாம், வயிற்றுக்குள் ஏற்கெனவே இரண்டு லிட்டர் அழுத்தம் இருப்பதால் குடலிறக்கம் வரும். திருமண வாழ்வுக்கு டியூப் தடையில்லை, நன்றாக ஒட்டிக்கொண்டால் போதும், அசௌகரியமாக இருந்தால் முன்பே வடித்துக்கொள்ளலாம். கர்ப்பம் பற்றிய பேச்சை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே நடத்துங்கள். அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாதவை.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். நாளுக்கு நான்கு என்றால் மாதம் 120 பை, கால் டன்னுக்கு மேல் எடை. ஒற்றை அறை வாடகை வீட்டில் ஒரு சுவர் முழுக்க அட்டைப்பெட்டிதான். தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள், எலியும் கரையானும் பெட்டியைத் தேடி வரும். வெயில் படக் கூடாது. பழையது முன்னால், புதியது பின்னால். எப்போதும் இரண்டு வாரத்துக்கான பை கையிருப்பில் இருக்கட்டும், குறிப்பாக ஐப்பசி முதல் மார்கழி வரை. சென்னையில் 2015, 2023 டிசம்பர் மாதிரி ஊரே தண்ணீரில் நிற்கும்போது மெஷின் சென்டருக்குப் போக முடியாது. கரண்ட் இல்லாமல் ஒரு கொக்கியில் ஓடும் இந்தப் பை அப்போது ஓடும். இதற்காகவே கூடுதல் மதிப்பெண் தரலாம். அடுத்த ஊருக்குப் போவதானால் தேவையான பைகளோடு ஒன்று கூடுதலாக எடுங்கள். நீண்ட பயணமென்றால் போகும் ஊருக்கே டெலிவரி தரச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

சொந்தச் செலவில் என்றால் மாதம் இருபதாயிரத்தைத் தாண்டும், சம்பளத்தின் தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தாங்காத தொகை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே தருவதும் சேர்ந்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் பதிவு செய்து, உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசுங்கள். கம்பெனி மாறினால் இணைப்பும் மாறும், ஒன்றின் பை மற்றொன்றின் டிரான்ஸ்பர் செட்டில் சேராது. அதனால் எந்தப் பை உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதியான பிறகே செட் போட்டுக்கொள்ளுங்கள். தூங்கும்போது தானாக மாற்றித் தரும் சைக்ளர் மெஷின் பகலை முழுக்க விடுவித்துவிடும், ஆனால் கரண்ட் வேண்டும், செலவும் கூடும்.

யாருக்கு ஒத்துவராது? வயிற்றில் பல அறுவை சிகிச்சைகள் நடந்து உள்ளே குடலும் சவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவர்கள், சரிசெய்ய முடியாத குடலிறக்கம் உள்ளவர்கள். ஹாஸ்டலில் நாலு பேர் அறையில் இருந்துகொண்டு செய்வதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை, தனி அறை கிடைக்காவிட்டால் பக்கத்தில் வாடகைக்கு எடுப்பதே மேல். அம்மாவே எல்லாம் செய்துவிடுகிறார் என்ற ஏற்பாடும் நீடிக்காது. நோயாளி தானே கற்றுக்கொள்ள வேண்டும், அம்மாவோ துணையோ அவசரத்துக்கு.

இந்தச் சவ்வு வாழ்நாள் முழுக்க உழைக்காது. சில வருஷத்தில் அதன் வடிகட்டும் திறன் மாறும், அதைப் பெட் (பிஇடி) பரிசோதனையில் பார்ப்பார்கள். இளவயதில் இது மாற்றுச் சிறுநீரகம் வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. எனவே டியூப் வைத்த உடனேயே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையப் பட்டியலில் மருத்துவமனை வழியாகப் பதிவு செய்துவிடுங்கள், பதிவு மூப்பு கணக்கில் வரும். ஹீமோகுளோபின் குறைந்தால் சிவப்பணுவை ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச் சத்தும் முதலில், தவிர்க்கவே முடியாதபோது மட்டும் ரத்தம். அடிக்கடி ரத்தம் ஏற்றினால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகி, பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே கஷ்டமாகும்.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஏசியையும் பார்க்காமல் இவற்றைக் கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள்? ஐந்து நாளுக்குக் குறைந்தால் வேண்டாம். உங்கள் கையால் தொடர்ந்து தவறில்லாமல் செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்களா? நர்ஸ் வீட்டுக்கு வந்து அறையைப் பார்ப்பாரா? சென்டரின் பெரிட்டோனைட்டிஸ் கணக்கு என்ன? ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 0.40க்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச வயிற்று டயாலிசிஸ் சங்கத்தின் அளவுகோல். இந்தக் கணக்கையே வைத்திருக்காத சென்டர் என்றால் வேறு இடம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பை கலங்கினால் எந்த நம்பரில் யார் எடுப்பார்கள்? அந்த நம்பருக்கு டியூப் வைக்கும் முன்பே ஒரு ராத்திரி அடித்துப் பாருங்கள்.